வாய்விட்டுப் படிக்கும் ஊர்

பொலோன்யா, இத்தாலி,
9 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாடி ஏறும்வரை பொறுக்கவில்லை, படியிலேயே உட்கார்ந்து படித்து முடித்தேன். தினமும் போனில் செய்தி அனுப்பிக்கொள்கிறோம், ஆனாலும் நீ போனில் சொல்லாததையெல்லாம் காகிதத்தில் எழுதியிருக்கிறாய். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. கொள்ளிடத்தில் மணல்தான் தெரிகிறது என்று எழுதியதைப் படித்ததும் ஆற்றோரம் சைக்கிள் தள்ளிக்கொண்டு போன நாளெல்லாம் கண்ணுக்குள் வந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் டெமோ கிளாஸ் எடுக்கப் போய், பாடம் முழுக்கத் தெரிந்தும் நாக்கு எழவில்லை, பாதியில் இறங்கி வந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மூன்று முறை படித்தேன். இதுவரை உனக்கு நான் சொல்லவில்லை. ஜனவரியில் எனக்கும் அப்படியே நடந்தது.

இங்கே தேர்வுக்கு மதிப்பெண் 30க்கு. 18 எடுத்தால் தேர்ச்சி. பல பாடங்களில் எழுதினால் மட்டும் போதாது, பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். அதுவும் தனி அறையில் இல்லை. கதவு திறந்திருக்கும், அடுத்து வரவேண்டியவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாம் திருச்சியில் எப்படித் தேர்வு எழுதினோம் என்று நினைத்துப் பார். ஹால் டிக்கெட்டை மேசையில் வைத்து, தலை குனிந்து, மூன்று மணி நேரம் எழுதி, அடிஷனல் ஷீட்டை நூலால் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். நம் குரலை யாரும் கேட்டதே இல்லை.

என்னுடையது புள்ளியியல் தேர்வு. நிறைய எண்களின் சராசரி எப்படி மணி வடிவத்தில் அடங்கும் என்று சொல்கிற மைய எல்லைத் தேற்றத்தைப் பேராசிரியர் சொல்லச் சொன்னார். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். "நல்லது, எண்களின் சிதறல் முடிவில்லாமல் போகக்கூடாது என்ற இந்த நிபந்தனையை ஏன் வைத்திருக்கிறார்கள்? அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பது போலத்தான் கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை, செல்வி. விடை என் நோட்டில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் என்றுகூடத் தெரியும். வாய்க்கு மட்டும் வரவில்லை. கடைசியில் 22 என்றார். "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்றும் கேட்டார். கொடுத்த மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேர்வுத் தேதிக்கு மறுபடி வர இங்கே மாணவருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்றேன். ஆகஸ்ட் 10க்குள் குறிப்பிட்ட கிரெடிட் சேர்த்தால்தான் உதவித்தொகை நிலைக்கும். அதனால் வெளியே வந்தபோது கை நடுங்கியது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அறைத்தோழியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, இத்தாலியின் தெற்கு முனையில் கலாப்ரியாவிலிருந்து வந்தவள். அன்று இரவு அவள் என் நோட்டைப் பிடுங்கி மூடிவிட்டு, "நீ ரிப்பேத்தேரே பண்ணவே இல்லை" என்றாள். படித்ததை இன்னொருவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதற்குத்தான் இங்கே அந்தச் சொல். தேர்வுக் காலம் வந்தால் இந்த ஊர் மாணவர்கள் எல்லோருக்கும் அதே வேலை. வராந்தாவில் நடந்துகொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, அம்மாவுக்குப் போன் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். முதலில் எனக்கு இது சிறுபிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத் தோன்றியது. அப்படி இல்லை. ஒப்பிக்கும்போது யாரும் குறுக்கே கேட்கமாட்டார்கள். இங்கே எதிரே இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் "பெர்கே?" என்பார். ஏன் என்று அர்த்தம். அவள் படிப்பது கட்டடக்கலை, புள்ளியியல் துளியும் தெரியாது. அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவேண்டும் என்பதே எனக்குப் பயிற்சி ஆயிற்று.

மூன்று வாரம், தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அடுக்களையில். முதல் வாரம் அழுகை வந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் அந்தப் பழைய கேள்வியையே அவள் கேட்டாள். நான் சொன்னேன்: கோஷி பரவல் என்று ஒன்று உண்டு, அதிலிருந்து ஆயிரம் எண்களை எடுத்துச் சராசரி பார்த்தாலும் ஒற்றை எண்ணை எடுத்தது போலவே தாறுமாறாக இருக்கும், எத்தனை எடுத்தாலும் அடங்காது, அதனால்தான் அந்த நிபந்தனை. சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது விளங்கியது. நோட்டில் எழுதியபோது விளங்கவே இல்லை. மறுபடி போனேன். 27.

இந்த ஊரே பேசிப் பேசி வளர்ந்த ஊர். பல்கலைக்கழகம் 1088ல் தொடங்கியதாகக் கணக்கு. அந்தக் காலத்தில் மாணவர்கள் சங்கமாகக் கூடி, ஆசிரியர்களுக்கு அவர்களே சம்பளம் கொடுத்தார்களாம். ஆசிரியர் தாமதமாக வந்தால் சங்கம் அபராதம் போட்டது! இப்போது அப்படி இல்லை, குறித்த நேரத்திலிருந்து கால் மணி கழித்துத்தான் வகுப்பு தொடங்குகிறது. 'கல்விக் கால் மணி' என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

மழைக்கு இங்கே குடை வேண்டாம். வீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டு, தூண்கள் தாங்க, கீழே நடைபாதை ஓடுகிறது. போர்த்திகோ என்பார்கள். ஊர் முழுக்கச் சேர்த்தால் 62 கிலோமீட்டர். 2021ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மாணவர்களும் பிழைக்க வந்தவர்களும் பெருகி இடம் போதாமல் போனபோது மாடியை வெளியே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 1288ல், வீடு கட்டுகிற எல்லோரும் போர்த்திகோ வைத்தே ஆகவேண்டும், குதிரைமேல் ஒருவர் போகும் உயரம் இருக்கவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது இதுதான்: இடம் வீட்டுக்காரருடையது, நடக்கிற உரிமை ஊருடையது. உங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அதைக் கம்பி போட்டு அடைத்தபோது நாம் இரண்டு பேரும் எவ்வளவு வருத்தப்பட்டோம்.

காலை வகுப்புக்கு முன் ஒரு காப்பி. 'பார்' என்றுதான் பலகை இருக்கும், நீ பயப்படாதே, காப்பிக்கடைதான். உட்காராமல் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு யூரோவும் கொஞ்சம் சில்லறையும். இரண்டே மடக்கு. உள்ளே நுழையும்போது போன்ஜோர்னோ சொல்லவேண்டும், போகும்போதும் எதாவது சொல்லவேண்டும், சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு. நான் நாலு மாதம் விரலைக் காட்டிக் காப்பி வாங்கினேன். இப்போது அந்தக் கடை அக்கா "தேர்வு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார், என் அரைகுறை இத்தாலியில் முழுக் கதையையும் சொல்கிறேன். ஒன்று நமக்குச் சாதகம். இந்த மொழியில் மெய்யெழுத்து இரட்டித்தால் பொருள் மாறும். ஒற்றை t போட்டு sete என்றால் தாகம், இரட்டை t போட்டு sette என்று அழுத்தினால் ஏழு. மற்ற நாட்டுக்காரர்கள் இதில் தடுமாறுகிறார்கள். படு, பட்டு என்று சொல்லி வளர்ந்த நமக்கு அது தானாக வருகிறது. பதிலுக்கு என் அறைத்தோழி 'ழ' பழகுகிறாள். இன்னும் வரவில்லை.

வீட்டில் மோக்கா என்கிற சின்ன அலுமினியப் பாத்திரத்தில் காப்பி போடுகிறோம். நம் ஃபில்டரில் வெந்நீர் மேலிருந்து சொட்டும். இதில் அடியில் தண்ணீர், நடுவில் தூள். கொதித்த தண்ணீர் ஆவியின் அழுத்தத்தில் தூளைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி வரும். அந்தக் கடகட சத்தம் கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி.

அவள் வீட்டிலிருந்து மாதம் ஒரு பெட்டி வருகிறது. தெற்கிலிருந்து வடக்கே படிக்க வந்த பிள்ளைகளுக்கு அம்மாக்கள் அனுப்பும் பார்சல். அதற்கே 'பாக்கோ தா ஜூ' என்று பெயர், கீழேயிருந்து வரும் பொட்டலம். வீட்டு ஆலிவ் எண்ணெய், வெயில் காலத்தில் குடும்பமே கூடி அரைத்துப் புட்டியில் அடைத்த தக்காளி, காய்ந்த மிளகாய்ச் சரம். சரத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது, நம் கொல்லையில் காயப்போட்ட மிளகாய்தான் அது. பருப்புப் பொடியை நான் அவளுக்குக் கொடுத்தேன், அவள் ரொட்டியில் எண்ணெய் விட்டுத் தடவிச் சாப்பிடுகிறாள். பொங்கலன்று வங்கதேசத்துக்காரர் கடையில் பாசிப்பருப்பு வாங்கினேன். அரிசிக்கு ரிசோத்தோ செய்கிற குட்டை அரிசியையே போட்டேன். குழைவு அவ்வளவு அருமை, பச்சரிசிக்குச் சற்றும் குறையவில்லை. மிளகு, சீரகம், நெய்க்குப் பதில் வெண்ணெய். அவள் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

கஷ்டமும் இருக்கிறது, உன்னிடம் மறைக்கமாட்டேன். செப்டம்பரில் வந்த புதிதில் ஐந்து வாரம் வீடு கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பெண் என்றதும் போனை வைத்துவிட்டவர்கள் உண்டு. தங்கும் அனுமதிக்கு வந்த எட்டு வேலை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தேன், விரல்ரேகையும் கொடுத்தேன், அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. ரசீதைத்தான் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். தாசில்தார் கையெழுத்துப் போட்ட வருமானச் சான்றிதழை இத்தாலியனில் மொழிபெயர்த்து முத்திரை வாங்க அப்பா அலைந்ததை நினைத்தால் மனசு கனக்கிறது. ஜனவரிக் குளிர் எலும்பில் ஏறும். வீட்டுச் சூடாக்கியைக்கூட அக்டோபர் 15லிருந்து ஏப்ரல் 15வரைதான், அதுவும் ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் போடலாம் என்று விதி.

ஒரு விஷயம் உனக்காகவே சேர்த்துவைத்தேன். நம் ஏலாக்குறிச்சிக் கோயிலைக் கட்டிய வீரமாமுனிவர் எந்த ஊர்க்காரர் என்று பள்ளிக்கூடத்தில் இத்தாலி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டோம் அல்லவா? அவர் 1680ல் பிறந்தது இங்கிருந்து வடக்கே காஸ்திலியோனே என்ற ஊரில். இயேசு சபையில் சேர்ந்தபின் ராவென்னாவிலும் இதே பொலோன்யாவிலும் பயின்றிருக்கிறார். நான் தினமும் நடக்கிற ஊர் அவர் நடந்த ஊர். 1710ல் கோவாவில் இறங்கும்போது அவருக்கு முப்பது வயதாகப் போகிறது. அந்த வயதில் தமிழை அ, ஆவிலிருந்து தொடங்கி, எ-க்கும் ஏ-க்கும் எழுத்தில் வேறுபாடு காட்டிக் கொடுத்து, 1732ல் சதுரகராதி தொகுத்தார். நான் காப்பிக்கடையில் ஒரு வாக்கியம் சொல்லக் கூசிய நாட்களில் இதை நினைத்துக்கொள்வேன். நம் ஊர்த் தெருவில் அவரும் முதலில் தப்பும் தவறுமாகத்தானே பேசியிருப்பார்? யாரோ நம் பாட்டிகளுக்குப் பாட்டி பொறுமையாகத் திருத்தியிருப்பாள்.

அதே 1732ல் இந்த ஊரில் இன்னொன்று நடந்தது. லௌரா பாஸ்ஸி என்ற இருபது வயதுப் பெண், ஊர்ப் பெரிய சதுக்கத்தில் இருக்கும் அரண்மனையில் கூட்டத்தின் முன்னால் நின்று, 49 கருத்துக்களை வாதாடி நிலைநாட்டி முனைவர் பட்டம் வாங்கினாள். பிறகு இங்கேயே பேராசிரியை ஆனாள். தேர்வு முடிந்து வரும்போது நான் அந்த அரண்மனை வாசலில் சற்று நேரம் நின்றேன். எனக்கு 27 கிடைத்ததைவிட, அவள் நின்ற ஊரில் நானும் வாய் திறந்தேன் என்பதே பெரிதாகத் தோன்றியது.

நேற்று மகளிர் தினம். இங்கே அன்று பெண்களுக்கு மிமோசா பூங்கொத்து கொடுப்பார்கள். காப்பிக்கடை அக்கா என் கையிலும் ஒரு கொப்பு வைத்தார். பார்த்தால் நம் கருவேலம்பூ! அதே மஞ்சள் உருண்டை, அதே தூசு போன்ற இழை. வேல மரத்துக்குச் சொந்தக்கார மரம்தானாம். ஏரிக்கரையில் யாரும் திரும்பிப் பார்க்காத பூவை இங்கே காகிதம் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஒரு சின்னக் கொப்பை நோட்டுக்குள் அழுத்தி வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு வரும்.

மறுபடி டெமோ கிளாஸ் இருபத்தைந்தாம் தேதி என்று எழுதியிருந்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரவு ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன், எனக்கு அப்போது மாலை நாலரை. ஒளிச்சேர்க்கைப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு நடத்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும், கையில் சாக்பீஸ் இருக்க வேண்டும். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், கோபித்துக்கொள்ளாதே. அறைத்தோழியிடமும் சொல்லிவிட்டேன். தமிழ் புரியாவிட்டாலும் பின்னால் பெஞ்சில் உட்காருவது அவள்தான் என்கிறாள். அடுத்த ஞாயிறும் இதே நேரம்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று எழுது.

உன்
ஜெயா