கைதியின் மாத்திரைச் சீட்டு யார் கையில்?

தமிழ்நாடு அரசின் உள்துறைச் செயலருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலருக்கும் வணக்கம்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்த் தருகிறது. நல்ல திட்டம், சந்தேகமில்லை. அதே ஆள் ரிமாண்டில் உள்ளே போனால்? என்ன மாத்திரை, காலையா இரவா என்பதைப் பதற்றத்தில் இருக்கும் அவரே நினைவிலிருந்து சொல்ல வேண்டும். மனு பார்க்க, அதாவது சிறையில் சந்திக்க, வரும் மனைவி சீட்டைக் கொண்டுவரும்வரை பொறுக்குமா சர்க்கரை? அவருடைய பதிவு சுகாதாரத் துறையிடம்தான் இருக்கிறது. சிறைக்குள் நுழையும் அன்றைக்கே அது சிறை மருத்துவர் கைக்கு வர வேண்டும்.

அடுத்தது வழிக்காவல், அதாவது கைதியை வெளியே கூட்டிப்போகும் காவல். வழக்கறிஞரான என்னிடம் கட்சிக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் ஆயுதப்படைக் காவலர் வந்தால்தான் வண்டி கிளம்பும். மாநாடு, திருவிழா என்று பந்தோபஸ்து வந்துவிட்டால் ஆள் கிடைக்காது, ஸ்கேனுக்கு வாங்கிய தேதி போய்விடும். மருத்துவரின் முடிவை மருத்துவரல்லாத சிறை ஊழியர்கள் மாற்றவோ கண்டுகொள்ளாமல் விடவோ கூடாது என்கிறது கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 27ஆவது. காவலர் இல்லை என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதற்கு வேறென்ன பெயர்? மருத்துவமனைக்கென்று தனி வழிக்காவல் ஒதுக்குங்கள். தவறிய ஒவ்வொரு தேதியும் காரணத்தோடு மாவட்ட நீதிபதிக்குப் போகட்டும்.

திருச்சிப் பக்கம் பிறந்த, பழங்குடியினர் உரிமைக்குப் பாடுபட்ட பாதிரியார் ஸ்டேன் சுவாமி, சிறையில் பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தோடு, தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்காக 2020இல் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலையில், 84 வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். அது மகாராஷ்டிரத்துச் சிறை, சரி. ஆனால் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் அவரைப் போல விசாரணைக் கைதிகள்தான்.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. ஜாமீன் அதற்காகக் காத்திருக்காது. இரவில் வெளியே வருகிறவர் கையில் சில வாரத்துக்கான மாத்திரையும் சிகிச்சைச் சீட்டும் இல்லாவிட்டால் மருந்து பாதியில் நிற்கும், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், வீட்டுக்கும் பரவும்.

இங்கிலாந்தில் 2006க்குள் சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதார சேவையே ஏற்றுக்கொண்டது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் நாமும் டெல்லியைப் பார்க்க வேண்டியதில்லை. நான் கேட்டவற்றுக்கு உங்கள் இருவர் கையெழுத்தும் உள்ள ஓர் அரசாணை போதும். எப்போது போடுவீர்கள்?

இப்படிக்கு,
சிறைகளுக்குப் போய்வரும் ஒரு வழக்கறிஞர்