மணிமேடை போட்டோ

அன்பு மக்களே,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, நம் நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையின் பழைய போட்டோவைப் போனில் பார்த்துப் பார்த்துக் கண் வலித்ததுதான் மிச்சம். பிரிண்ட் போட்டு வாங்கி வந்து, ஜன்னலோரம் வைத்து, லென்ஸ் பிடித்துப் பார்த்தேன். உன் அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டு விட்டுவிட்டாள்.

முதலில் ஒரு திருத்தம். படத்தின் கீழே 1890 என்று போட்டிருக்கிறதே, அது தப்பு. மணிமேடையைத் திருவிதாங்கூர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்து வைத்ததே 1893-இல்தான். கட்டாத மேடையை எவன் படம் பிடித்தான்? யாருக்காவது அனுப்பியிருந்தால் சொல்லிவிடு. உள்ளே இருக்கும் சீமைக் கடிகாரம் ஜேம்ஸ் டத்தி என்ற மிஷனரி கொடுத்தது. அதைக் கட்டிய செலவுக் கணக்கு, அன்றைய திருவிதாங்கூர் நாணயத்தில், ரூபாய், சக்கரம், காசு என்றுதான் போகும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் எங்கள் பாட்டி சக்கரத்தில்தான் பேசுவாள். எனக்குத் தலை சுற்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் இடது ஓரத்தில் ஓட்டுச் சாய்ப்பு போட்ட கடை ஒன்று தெரிகிறதா? ஷட்டர் கிடையாது, நிரைப்பலகை. நீ பார்த்திருக்க மாட்டாய். மேலேயும் கீழேயும் காடி வெட்டிய கட்டையில் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி வரிசையாகத் தள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் நம்பர் இருக்கும். எங்கள் தாத்தா கடையில் பதினொரு பலகை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஆறையும் ஒன்பதையும் மாற்றிப் போட்டுவிட்டேன். கடைசிப் பலகை உள்ளே போகவே இல்லை. தாத்தா திட்டவில்லை. எல்லாவற்றையும் உருவி, முதலிலிருந்து போட வைத்தார். மழை வேறு.

படத்தில் இருக்கும் கடையில் ஒரே ஒரு பலகை மட்டும் எடுத்திருக்கிறது. அந்த இடுக்கில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. ரோட்டில் நடந்தவர்கள் எல்லாம் புகையாகிவிட்டார்கள், அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசைந்தால் ஆகாது. இந்த ஆள் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறான். பையனா, பெரிய ஆளா என்று தெரியவில்லை. அது எங்கள் கடை என்று நான் சொல்ல வரவில்லை, தாத்தா பிறப்பதற்கு முந்திய படமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் அந்த மூலையைப் பெரிதாக்கி அனுப்பு.

இன்னொன்று, நீ பிரிண்ட் எடுத்தால் லேமினேட் போடாதே. தாத்தா கடை முன்னால் நின்று எடுத்த ஒரே படத்தை அப்படிக் கொடுத்துத்தான் தொலைத்தேன். சூட்டில் ஒட்டி, முகம் இருந்த இடத்தில் குமிழி. ஆசைப்பட்டுக் கொடுத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பஸ் கூட்டம் வருவதற்கு முன்னால், அதே கோணத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன். என்.எஸ்.கே. சிலையும் கேபிள் வயரும் குறுக்கே வரும். வரட்டும்.

அப்பா