அட்டிக் மூடியை முதலில் கவனி

ஸ்காபரோ,
செப்டெம்பர் மாதம்.

அன்பின் சிவநேசன்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வாட்டர்லூவில் படிக்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம்.

ஒட்டாவா வீட்டின் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள வெளியில், இப்போதுள்ள ஆர்-50 வெப்பக் காப்பை ஆர்-60 ஆக உயர்த்தக் காகித நாரான செலுலோஸ் ஊதுவதற்கு ஒருவரிடம் விலை கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். ஆர் எண் கூடக்கூட வெப்பம் வெளியேறுவது குறையும் என்பதால் அந்த வேலையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நடைவழியின் உட்கூரையில் அட்டிக்குக்கு ஏறும் வாயிலை அடைக்கும் அந்தச் சிறிய மூடியைச் சரிசெய்யாமல் அவருக்குப் பணம் கொடுக்காதே.

ஒரு கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் சதுர அடி உட்கூரைக்கு ஆர்-50 இருந்தால், வீட்டுக்கும் அட்டிக்குக்கும் இடையிலான ஒவ்வொரு பரன்ஹைட் பாகை வேறுபாட்டுக்கும் மணிக்கு 20 பீ.டீ.யூ. (வெப்ப அலகு) வெப்பம் வெளியேறும், ஆர்-60 ஆக்கினால் அது 16.7 ஆகும். வெறும் ஒட்டுப்பலகை மூடியோ, இருபுறமும் படிந்து நிற்கும் காற்றையும் சேர்த்து ஏறத்தாழ ஆர்-2 தான். ஐந்து சதுர அடி மூடி வழியே 2.5 பீ.டீ.யூ. போய்விடுகிறது. அதன் முதுகில் நான்கு அங்குல நுரைப்பலகையை ஒட்டினால் அந்த இழப்பு கால் பீ.டீ.யூ. அளவுக்கு இறங்கிவிடும். அட்டிக் முழுவதும் ஊதி மிச்சப்படுத்துவது 3.3, இந்த மூடியில் மட்டும் மிச்சமாவது 2.3. செலவை நீயே ஒப்பிட்டுக்கொள்.

இது பலகை வழியே கடத்தப்படும் வெப்பம் மட்டுமே. விளிம்பு இடுக்கால் கசியும் காற்றுத்தான் எனக்குப் பெரிய கவலை. குளிர்காலத்தில் சூடான காற்று மேலெழுந்து அந்த இடுக்கால் வெளியேற, அதற்கு ஈடாக நிலவறைப் பக்கத்திலிருந்து குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. வெளியேறும் காற்று சோறு வடித்த ஆவியையும் குளியலறை ஈரத்தையும் சுமந்துகொண்டு போய், கூரைப் பலகையின் அடியிலும் ஆணி முனைகளிலும் உறைபனியாகப் படிகிறது. வெயில் ஏறும் நாளில் அது உருகிச் சொட்டும்போது, கூரை ஒழுகுகிறதென்று பலர் கூரைக்காரரை அழைத்துவிடுகிறார்கள்.

மூடி உட்காரும் சட்டத்தைச் சுற்றி நாற்புறமும் ரப்பர் அல்லது நுரைப் பட்டியை இடைவெளியின்றி ஒட்டு. மூடியின் சொந்தப் பாரம் அந்தப் பட்டியை நசுக்கப் போதாது என்பதால், இரு பக்கமும் கொக்கி வைத்து இறுக்கிப் பூட்டவேண்டும். இதைச் செய்யாமல் விடுகிறவர்களே அதிகம். நுரைப்பலகைக்கு எக்ஸ்ட்ரூடட் பொலிஸ்டைரீன் நல்லது, அங்குலத்துக்கு ஆர்-5 கிடைக்கும். திறக்கும்போது சட்டத்தில் உரசாதபடி மூடியைவிடச் சற்றுச் சிறிதாக வெட்டி, அதற்கென்றே விற்கப்படும் பசையால் ஒட்டு. சாதாரணக் கரைப்பான் பசை நுரையைக் கரைத்துவிடும். வாயிலைச் சுற்றிக் காப்பின் மட்டத்தைவிட உயரமான பலகை வரம்பு இல்லையென்றால், ஊதிய செலுலோஸ் மூடியைத் திறக்கும் போதெல்லாம் தலையில் கொட்டும். செலுலோஸில் ஆர்-50 என்பதே பதினான்கு அங்குல உயரம்.

வேலை முடிந்தபின், குளிரான ஒரு நாளில் குளியலறை, சமையலறை விசிறிகளை நிறுத்திவிட்டு, மூடியின் விளிம்போடு ஊதுபத்தியைக் கொண்டுபோ. புகை எங்கே இடுக்குக்குள் இழுபடுகிறதோ அங்கே பட்டி சரியாகப் படியவில்லை.

ஆனால் மேலே ஏறுமுன் ஒன்றைக் கவனி. உன்னுடையது எழுபதுகளில் கட்டிய வீடு. இப்போதுள்ள காப்புக்கு அடியில் மினுமினுக்கும் கூழாங்கல் போன்ற வெர்மிகியூலைட் என்ற கனிமக் காப்பு கிடந்தால் அதைக் கிளறாதே. மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகியூலைட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்தது; அந்தச் சுரங்கம் 1990 இல் மூடப்படும்வரை அது கனடிய வீடுகளுக்கும் வந்தது. அப்படியானால் மூடியை மீண்டும் திறக்காமல், ஆய்வுகூடப் பரிசோதனைக்கு ஆளை அழை. செலுலோஸ் ஊதுகிறவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடு.

மூடியின் நீள அகலத்தை அளந்து எழுது. என்னிடம் இரண்டு அங்குல நுரைப்பலகை மிச்சமிருக்கிறது, இரண்டு அடுக்காக ஒட்டினால் நான்கு அங்குலம் ஆகிவிடும். நவராத்திரிக்கு அங்கே வரும்போது வெட்டிக் கொண்டுவருகிறேன். கொக்கிகளை நீ வாங்கி வை.

அன்புடன்,
குகன்