காலை 9 மணிக்கா நாயை மலையேற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கோடை மலையேற்றம் பற்றி ஒரு கட்டுரை. 'காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு 9 மணி வாக்கில் செல்ல நாயுடன் கிளம்புங்கள்' என்று அதில் ஒரு வரி. கத்திரி வெயிலில் ஈரோட்டுப் பக்கம் 100 டிகிரிக்குக் குறைந்தா அடிக்கிறது? தாங்கள் அறியாததல்ல. அறிந்தும் அச்சேற்றிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

நான் சென்னிமலையில் கைத்தறி நெய்பவன். பல ஆண்டுகளாகக் கோடையில் விடிவதற்கு முன்பே நாயோடு மலைப்பாதையில் ஏறுகிறேன். கழுத்துப்பட்டை, கயிறு, டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், அது குடிக்க ஒரு கொட்டாங்குச்சி. கோயிலுக்குக் கீழேயே நின்று முருகனைக் கும்பிட்டுத் திரும்பிவிடுவோம். வெயில் ஏறும்போது என் நாய் செவலை குழித்தறி ஓரத்துக் குளிர்ந்த மண்ணில் படுத்திருக்கும்; நான் தறியில் இருப்பேன்.

இந்தப் பழக்கம் பட்டபிறகு வந்தது. செவலைக்கு முன் கருப்பன் இருந்தான். ஒரு சித்திரை ஞாயிறு, வீட்டில் விருந்தாளிகள். கிளம்பும்போதே எட்டரை ஆகிவிட்டது. இறங்கும் வழியில் ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றித் தூக்கினான். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். சற்று நேரத்தில் நாக்கு கருஞ்சிவப்பாகி எச்சில் நூல் நூலாக வடிந்தது, பின்னங்கால்கள் மடிந்தன. தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மருத்துவர் பார்த்தபோது உடம்புச் சூடு 108. நாய்க்கு 101, 102தான் இயல்பு. பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். செருப்பும் கிடையாது. பாறையில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது.

அதே கட்டுரை, நாயோடு நடப்பதைப் 'புதிய நாகரிகம்' என்கிறது. எங்கள் அப்புச்சியின் ஆட்டுப்பட்டிக்கு நாய்தான் காவல். சென்னிமலையானின் திருமஞ்சனத் தீர்த்தத்தை மலைமேல் சுமந்து போவது காளைகள். வாயில்லா ஜீவனோடு மலையேற எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பாதையில் உடைத்துப்போடும் மதுப்புட்டிகளைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். செவலையின் பாதத்திலிருந்து பிடுங்கிய பச்சைச் சில்லு இன்னும் தீப்பெட்டியில் இருக்கிறது. தாங்கள் வெளியிட்டது ஒரே வரி: 'மலையைச் சுத்தமாக வைப்போம்.' நாய் கடித்தால் மட்டும் முதல் பக்கத்தில் இடம் கிடைக்கிறது. ஆண்டு தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, கயிற்றை விடாமல் பிடித்து நடப்பவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கிறீர்களா?

இப்போது கேட்பது சிறிய காரியம்தான். வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'நாயோடு போகிறவர்கள் விடியுமுன் ஏறி 7 மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கும் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்' என்று திருத்தம் போடுங்கள். பள்ளி விடுமுறை விட்டாயிற்று. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் நாய்க்குட்டியோடு கிளம்பிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கைத்தறி நெசவாளி,
சென்னிமலை.