கூட்டுக் குதிரைக்கு எழுத்து வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காணும் பொங்கலன்று திருக்கடையூர்–தரங்கம்பாடி சாலையில் நடக்கும் எல்கைப் பந்தயத்துக்காக (வண்டி பூட்டி எல்லை வரை ஓட்டும் பந்தயம்), நாலைந்து பேர் பங்கு போட்டுக் குதிரை வாங்குவோர் டெல்டாவில் உண்டு. செலவு தாங்கும், குதிரை முன்னால் வரும்போது தெருவே கூடி நின்று கத்தும். அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

ஆனால் தீவனம் வைப்பதைப் பங்கு போடாதீர்கள். பங்காளிகள் ஆளாளுக்குப் பாசத்தில் கொள்ளும் தவிடும் கூட்டி வைத்தால் வயிற்றுவலி வரும், குளம்பும் கெடும். குதிரையின் இரைப்பை சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்தீவனம்தான் அடிப்படை. கொள்ளுத் தீனியை ஒருவரே அளந்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

லாடம் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. டெட்டனஸ் தடுப்பூசி தவறக் கூடாது.

வாங்கும் அன்றே முத்திரைத்தாளில் எழுதிவிடுங்கள்: பங்கு விகிதம், வைத்தியச் செலவு, விலகுபவரின் பங்கை வாங்குபவர், ஓடி ஓய்ந்த குதிரைக்குத் தீனி போடுபவர். முக்கியமாக, கால் நொண்டினால் ஓட்டுவதா நிறுத்துவதா என்பதைப் பங்காளிகளின் வாக்கெடுப்புக்கு விடாமல், கால்நடை மருத்துவர் சொல்லுக்கே விட வேண்டும்.

— குதிரை வளர்ப்போர் சிலர், தரங்கம்பாடி வட்டம்