வரிக்கடைசியில் உடையும் ஊர்கள்: மின்னூல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் நண்பர்களுக்கும் நூலகங்களுக்கும்,

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். கொங்கு நாட்டு ஊர்களையும் கோயில்களையும் பற்றித் தேடித் தேடிப் படிப்பவன். நீங்கள் ஏற்றிவைத்த நூல்கள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் இன்னும் நூலகம் நூலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருப்போம். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்.

படத்திலிருந்து எழுத்தாக மாற்றிய நூல்களில், வரிக்கடைசியில் உடைந்த சொற்கள் உடைந்தபடியே கிடக்கின்றன. அச்சுக்கோப்பவர் வரி அளவுக்காக உடைத்தவை அவை. தாளில் படிக்கும்போது கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும், கணினி சேர்ப்பதில்லை. நூலுக்குள் சென்னிமலை என்று தேடினால், ஒரு வரியில் 'சென்னி', அடுத்த வரியில் 'மலை' என்று நிற்கும் பக்கம் அகப்படாது. இரண்டும் தனித்தனியே நல்ல சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது. எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களோ பெரியநாயக்கன்பாளையம் போல நீளமானவை, எளிதில் உடைபடுபவை. அந்த ஊரைப் பற்றி நூலில் ஒன்றுமே இல்லை என்று நம்பி மூடிவிடுகிறோம்.

பக்கம் மாறும் இடத்தில் இன்னும் மோசம். 'தாரா' என்று பக்கம் முடிகிறது, நடுவில் பக்க எண், நூல் தலைப்பு, அப்புறம் 'புரம்'. திரைவாசிப்பானில் கேட்டுப் படிக்கும் பார்வையற்றவர் காதில் இது எப்படி விழும்?

சொல் உடைந்ததைக் காட்ட வரிக்கடைசியில் போடும் சிறு கோடுகளை (-) எல்லாம் அழித்து ஒட்டிவிடலாம் என்றால் சரிவராது. '1920-' என்று முடிந்து '25' என்று தொடரும் வரி 192025 ஆகிவிடும். போக, பல பழைய நூல்களில் கோடு போடாமலேயே உடைத்திருக்கிறார்கள். 'கோயிலுக்குப்' என்று வரி முடிந்து 'போனார்கள்' என்று தொடர்ந்தால் இரண்டு சொல். 'மேட்டுப்' என்று முடிந்து 'பாளையம்' என்று தொடர்ந்தால் ஒரே சொல். கடைசி எழுத்தை மட்டும் பார்த்து முடிவுகட்ட முடியாது.

இதற்கு முன்வழக்கம் உண்டு. பழைய நூல்களை இலவச மின்னூலாக்கும் கூட்டன்பெர்க் திட்டத்துக்கு மெய்ப்பு பார்ப்பவர்கள் உடைந்த சொல்லின் பிற்பாதியை மேல்வரிக்கு ஏற்றி ஒட்டுகிறார்கள். கோட்டை வைப்பதா எடுப்பதா என்று சந்தேகம் வந்தால் அதன் பக்கத்தில் உடுக்குறி (*) இட்டு அடுத்தவர் பார்வைக்கு விடுகிறார்கள். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பக்கக்கடைசியில் கோடு இருந்தால் மென்பொருளே ஒட்டிவிடுகிறது.

நீங்களும் எழுத்து வடிவத்தை வெளியிடுமுன் வரிக்கடைசிகளை மட்டும் ஒரு முறை பாருங்கள். அதே நூலில் வேறோர் இடத்தில் 'சென்னிமலை' முழுதாக இருந்தால், மென்பொருள் அதை வைத்துப் பரிந்துரைக்கட்டும். ஒட்டுவதா வேண்டாமா என்பதை ஆள் முடிவு செய்யட்டும். பக்கப் படத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், சரிபார்க்க அதுதான் ஆதாரம்.

எங்கள் பங்குக்கு கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ஊர்ப்பெயர்களைத் தொகுத்துத் தருகிறோம். முதலில் கோபி, பவானி, சத்தியமங்கலம் வட்டங்களின் பட்டியலை வாங்கி, ஏதாவது ஒரு நூலில் ஓட்டிப் பாருங்கள். மெய்ப்பு பார்க்கவும் இங்கே ஆள் இருக்கிறோமுங்க.

அன்புடன்,
கோபியிலிருந்து ஒரு வாசகன்