செனகலில் பெயர் பெற்ற பொன்வயிற்று எறும்பு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், செனகலின் டக்காரில் உன் வீட்டு வாசலில் எடுத்த எறும்பின் படமும் நேற்றுக் கிடைத்தன. அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. படத்தைப் பார்த்ததுமே உருப்பெருக்கியோடு எங்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். கறுத்த உடலின் பின்புறத்தில் பொன்னிறப் பட்டு போர்த்தியது போன்ற அந்த வயிற்றை நான் அங்கே நாள்தோறும் பார்க்கிறேன்.

இது நம் கட்டெறும்புக்கு உறவான கம்போனோட்டஸ் செரிசியஸ் என்றே நினைக்கிறேன். முதுகில் முட்கள் இல்லாததால், பெரும்பாலும் முட்கள் கொண்ட பாலிராக்கிஸ் என்ற எறும்புப் பேரினமாக இருக்க வாய்ப்புக் குறைவு. டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1798-இல், செனகலில் கிடைத்த எறும்பைக் கொண்டு இதற்கு ஃபார்மிகா செரிசியா என்று பெயரிட்டார். செரிசியஸ் என்றால் பட்டுப் போன்றது. கம்போனோட்டஸ் என்ற பேரினத்தைப் பூச்சியியலாளர் மாயர் உருவாக்கியது 1861-இல்தான். ஆகவே என் வேப்பமரத்தடி எறும்பு நீ இப்போது வாழும் மண்ணிலிருந்து பெயரைப் பெற்றிருக்கிறது! தச்செறும்பு வகை என்று சொன்னாலும் இது மரத்தைக் குடைவதில்லை, மண்ணில்தான் கூடு கட்டுகிறது.

இதன் பரவல்தான் என்னை மிகவும் ஈர்க்கிறது. செனகலில் தொடங்கி எத்தியோப்பியா வரையிலும், பின் அரேபியத் தீபகற்பத்திலும், அதற்கப்பால் இந்தியாவிலும் இலங்கையிலும் இது பதிவாகியுள்ளது. பிங்கம் 1903-இல் எழுதிய இந்திய எறும்பு நூலிலும் இடம்பெற்றிருக்கிறது. இவ்வளவு தொலைவில் வாழ்பவை அனைத்தும் ஒரே சிற்றினம்தானா என்பதை நிறத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்று காலை இரண்டு எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. பின்னது தன் உணர்கொம்புகளால் முன்னதன் வயிற்றையும் பின்னங்கால்களையும் தொட்டுக்கொண்டே இருந்தது. தொடுகை விட்டதும் முன்னது நின்று காத்திருந்தது. இந்த இணைநடையை எறும்பு ஆய்வாளர் ஹோல்டோப்ளரும் அவருடைய சகாக்களும் 1974-இல் விரிவாக ஆராய்ந்தார்கள். பின்தொடரும் எறும்பை அகற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு முடியால் தொடர்ந்து தொட்டாலே முன்னது மேலே நடந்ததாம்.

அடுத்த முறை பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடு. மார்பின் பின்பகுதி மேலே தட்டையாகவும் பின்னால் செங்குத்தாகவும் பெட்டியைப் போல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அருகில் ஓர் அளவுகோலையும் வைத்துவிடு. இங்குள்ள எறும்பையும் அதே கோணத்தில் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜன்